ஆண்டவருக்கு மீன் சுட்ட அக்கா

தந்தி வந்தபோது மதியம் இரண்டேகால் மணி. காரைக்காலில் எங்கள் சர்க்கார் கச்சேரியில் அந்த நேரத்தில் யாரும் முழுதாக விழித்திருப்பதில்லை. தலைமைக் குமாஸ்தா நாற்காலியிலேயே வாய் திறந்து உறங்குவார். பங்கா இழுப்பவன் பாதி உறக்கத்தில் இழுப்பான். தந்தி பிரெஞ்சில் இருந்தது. அக்கா இறந்துவிட்டாள், உடனே வா, கீழே தம்பி தனிஸ்லாஸின் பெயர். அவ்வளவுதான். படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, தம்பி சாப்பிட்டிருப்பானா என்பது. அக்காள் செத்த சேதியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படியும் ஒருவனுக்குத் தோன்றுமா என்று வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, அது அவளுடைய கவலை. போகிற போக்கில் என் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பெர்னதெத் அக்காவுக்காக அழுவது கடினம். அழ ஆரம்பித்தவர்கள், அவள் எப்போதோ சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து பாதியில் சிரித்துவிடுகிறார்கள். அடக்கத்தின்போது ரொட்டிக்கடை லூயிஸ் மாமா அப்படித்தான் மாட்டிக்கொண்டார். சாமியார் லத்தீனில் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவின் பெரிய தோள்கள் குலுங்குகின்றன. தாங்க முடியாமல் அழுகிறார் என்று இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வாயில் துண்டைத் திணித்துக்கொண்டது எதற்காக என்று எனக்குத் தெரியும். என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். ஆகவே, இதில் சிரிப்பு மிகுந்துவிட்டால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் வாழ்ந்தது அப்படி.

எங்கள் வீட்டின் முன்வாசல் முத்தியால்பேட்டையைப் பார்க்கும், கொல்லைவாசல் குருசுக்குப்பத்தைப் பார்க்கும். முன்னால் தறிச்சத்தம், பின்னால் அலைச்சத்தம். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது, தனிஸ்லாஸுக்கு நாலு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அக்கா கன்னியர் மடம் ஒன்றின் பூவேலை அறையில் சேர்ந்தாள். பிரெஞ்சு நாட்டுக் கலியாணங்களுக்குப் போகிற மேசைவிரிப்புகளில் வெள்ளை நூலால் வெள்ளைப் பூப் போடுகிற வேலை. அங்கே காலை முதல் மாலை வரை மௌனம். செபமாலை சொல்லத்தான் வாய் திறக்கலாம். எங்கள் அக்காவுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்தக் கோர்ட்டும் விதித்திருக்க முடியாது. பகலெல்லாம் சேர்த்துவைத்த பேச்சை மாலையில் மடத்து வாசலைத் தாண்டியதும் அவிழ்த்துவிடுவாள். அவள் வருவது தெருமுனையிலேயே கேட்கும். கேட்டதும் நாங்கள் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்வோம்.

அவளுக்கு மாப்பிள்ளை வராமல் இல்லை. வந்தவர்கள் அவள் பேச்சைக் கேட்டுப் பலகாரத்தைக்கூட முடிக்காமல் எழுந்துபோனதாகத் தெருவில் சொல்வார்கள். அக்கா சொன்னது வேறு. பலகாரத்தை மிச்சம் வைக்கிறவன் வீட்டில் தனக்கு என்ன வேலை என்றாள். சாப்பாடு விஷயத்தில் அவள் அன்றைக்கே அப்படித்தான். பின்னால் வந்ததை நினைத்தால், கடவுளுக்கும் அவளைச் சீண்டிப் பார்க்கும் ஆசை இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

குருசுக்குப்பத்தில் ஒவ்வொரு வருடமும் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த சனியும் ஞாயிறும் கடற்கரை மணலில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். சேசுநாதருடைய பாடுகளும் மரணமும் உயிர்ப்பும் இரண்டு மாலைகளில் நடந்து முடியும். சூசை அண்ணாவிதான் ஆட்டுவிப்பவர். பாட்டனார் காலத்துப் பிரதியில் ஒரு சொல்லையும் மாற்ற விடமாட்டார். படித்தவன் என்பதால் திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு. லூயிஸ் மாமா பல வருடங்களாகச் சேசுநாதர். அவர் குரலுக்கு இணையில்லை. ஆனால் தான் சுடுகிற ரொட்டியில் அவருக்கே நம்பிக்கை அதிகம். வருடத்துக்கு வருடம் ஆண்டவர் அகன்றுகொண்டே போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றாம் வருடம் சிலுவை மளுக்கென்றது. இரண்டு கைகளும் கட்டப்பட்டபடியே மாமா நிமிர்ந்த வாக்கில் கீழே வந்து ஒரு ரோமைச் சேவகன் மேல் உட்கார்ந்தார். அந்தச் சேவகன் அவருடைய தங்கை மாப்பிள்ளை. "மன்னிச்சுக்கோ மாப்ள" என்று மாமா சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பாதி ஜனம் சிரித்தது. மீதி ஜனம், தன்னை அறைந்தவனை ஆண்டவர் மன்னிக்கிற கட்டம் இது என்று எண்ணிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அடுத்த வருடத்துக்கு ஒல்லியான ஆள் வேண்டும் என்றார் அண்ணாவி. மாமா தலைமைச் சீடர் இராயப்பராக இறங்கினார். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற வேலையிலிருந்த எங்கள் தனிஸ்லாஸ், பதினெட்டு வயதில், சேசுநாதர் ஆனான்.

அவன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். பாஸ்குவுக்கு முந்திய தபசுக்காலத்தில் பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அவனும் ஆரம்பித்தான். பிறகு அந்த ஒரு வேளையைப் பாதியாக்கினான். அப்புறம் அதிலும் பாதி. ஒத்திகைக்கு வருகிறவர்களெல்லாம் அவனைப் பார்த்து வியந்தார்கள். நாடகத்தன்று பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் அங்கியைக் களைந்தபோது விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இது வேஷமே இல்லை, சாட்சாத் ஆண்டவர் என்றார்கள். மறுநாள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள், குழந்தைகளின் தலையில் அவன் கை வைக்க வேண்டுமாம். அக்கா அவர்களை வரிசையில் நிறுத்தி, சளி பிடித்த குழந்தைகளைக் கடைசிக்கு அனுப்பி, பெரிய அதிகாரம் பண்ணினாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கியது.

ஏனென்றால் தாடியை எடுத்த பிறகும், ஊரெல்லாம் ஆட்டுக்கறி தின்று ஏப்பம் விட்ட பிறகும், தனிஸ்லாஸ் ஒருசந்தியிலிருந்து திரும்பி வரவில்லை. கேட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்பான். தட்டும் காலியாகத்தான் இருக்கும். விஷயத்தை வெளிப்படுத்தியது ஒரு நாய். எங்கள் சந்தில் திரிந்த அந்த நாய்க்கு, யாரைப் பார்த்தாலும் முறைக்கும் என்பதால், கொமிசேர் என்று போலீஸ் அதிகாரியின் பதவிப் பெயரை வைத்திருந்தார்கள். ஒரு நாள் மாலை கொமிசேர் எங்கள் கொல்லைப்படியில் ஏற முடியாமல் ஏறுவதை அக்கா பார்த்தாள். கழுத்து மடிந்து தொங்கியது. நடையில் ஒரு உத்தியோகக் களை. அக்கா சற்று நேரம் நாயைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"கல்யாண வூட்டுக்காரனாட்டம் ஆயிட்டாரு கொமிசேர். எங்க வூட்டுச் சோத்துல இம்மாம் சத்து இருக்குன்னா நீ ஏண்டா இப்டி இருக்கற?" என்றாள்.

அன்று ஆரம்பித்தது யுத்தம். அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்தாள். கொமிசேருக்கும் அவையெல்லாம் பிடித்திருந்தன. நாயைக் குப்பத்து மீனவர் கண்ணையனின் படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினாள். அது குமட்டிக்கொண்டு திரும்பி வந்ததே தவிர இளைக்கவில்லை. காப்பியில் நெய் கலந்தாள். காப்பி மேல் எண்ணெய் மிதக்கிறதே என்று தவறுதலாக அதைக் குடித்த நான்தான் சத்தம் போட்டேன். வில்லியனூர் மாதாவுக்கு அவன் எடைக்கு எடை மெழுகு தருவதாக நேர்ந்துகொண்டாள். அதில் ஒரு நிபந்தனையும் வைத்தாள். இப்போதைய எடைக்கு இல்லை, அவன் தடித்த பிறகு இருக்கும் எடைக்கு. ஆதாயம் மாதாவுக்குத்தான், பார்த்துச் செய்யட்டும் என்றாள். டாக்டர் ஒருவர் வயிற்றில் பூச்சி என்று பேதிக்குக் கொடுத்தார். ஏற்கெனவே ஒன்றும் இல்லாத வயிற்றிலிருந்து அது எதை வெளியேற்றும்? இன்னொருவர், பையனுக்குக் கல்யாணம் பண்ணிவை, பசிக்கும் என்றார். அக்கா அவரிடம், பசிக்கிறதுக்குக் கல்யாணம் எதற்கு, தன்னைப் பார்த்தால் பட்டினி கிடக்கிறவளாகவா தெரிகிறது என்று கேட்டுவிட்டு வந்தாள்.

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வருடம் அவன் இறந்துவிடுவான் என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன். சித்திரை வெயிலிலும் அவனுக்குக் குளிரும். இரண்டு சட்டை போட்டுக்கொள்வான். அச்சுக்கூடத்தில் ஒரு நாள் மயங்கி விழுந்ததில், கோத்து வைத்திருந்த பக்கம் முழுவதும் தரையில் சிதறிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவரே போதும், தூக்குகிற மாதிரியே இல்லை என்று அதில் ஒருவர் சொன்னது அக்கா காதில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் அவனைக் கொல்லைவாசல் படியில் பக்கத்தில் உட்காரவைத்து, கோபப்படாமல், ஏன் என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"சாப்டா உள்ள ஒரே சத்தமா இருக்குதுக்கா. சாப்புடலேன்னா அமைதியா இருக்கு. யாரும் இல்லாதப்ப கோயில் இருக்குமே, அப்டி."

 அன்று தெருக்காரர்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் ரோஷன் பீவி இருந்தார். அவர் கணவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அக்காவுக்குச் சரிசமமாகப் பேசக்கூடியவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். மார்கழி மழையில் அவர்களுக்கு நோன்பு மாதம் வந்தது. மாலையானால் நோன்புக் கஞ்சி ஒரு சொம்பு எங்கள் வீட்டுக்கு வரும். தனிஸ்லாஸ் அதையும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவான். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரோஷன் பீவி சொன்னார்:

"நாங்களும்தான் நோன்பு புடிக்கிறோம். ஆனா பொழுது சாஞ்சா தொறந்தே ஆவணும், தொறக்காம இருந்தாதான் தப்பு. ஒங்க தம்பி உள்ள பூந்துகிட்டான், வெளிய வர்ற வாசல யாரும் காட்டல பெர்னதெத்து. நீங்க எல்லாரும் சேந்து கையத் தட்டிட்டு வூட்டுக்குப் போயிட்டீங்க."

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அக்கா சண்டைக்குப் போயிருப்பாள். அன்று கஞ்சிச் சொம்பைக் கழுவிக் கொடுத்ததோடு சரி. பிறகு அந்த வாரச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கே நடந்ததை அவளே எங்களுக்கு நடித்துக் காட்டினாள். பாவங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சாமி, உயிர்த்த பிற்பாடு ஆண்டவர் ஏதாச்சும் சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். தடுப்பு வலைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரச் சாமியார், மகளே, இதில் பாவம் எங்கே இருக்கிறது என்றாராம். பாவம் பண்ணவில்லை, பதில்தான் வேண்டும் என்றாளாம். வெளியே வரிசையில் நிற்பவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள். சாமியார் கடைசியில், சாப்பிட்டார், சுவிசேஷத்திலேயே இருக்கிறது என்று சொன்னார். சீடர்கள் அவரை ஆவி என்று நினைத்துப் பயந்தார்கள். அவர், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, சுட்ட மீன் துண்டு ஒன்றை வாங்கி, அவர்கள் கண்ணெதிரே தின்று காட்டினார்.

அக்கா அங்கிருந்து நேராகச் சூசை அண்ணாவி வீட்டுக்குப் போனாள். நாடகத்தில் அந்தக் கட்டம் வேண்டும் என்றாள். அண்ணாவி பதறிப்போனார். பாட்டனார் பிரதியில் கல்லறை திறந்து, சூடம் கொளுத்தி, சம்மனசு என்கிற தேவதூதன் கயிற்றில் இறங்கியதும் மங்களம். அதற்குமேல் ஆண்டவர் வந்து மீன் தின்றுகொண்டிருந்தால் ஜனம் எழுந்து போய்விடும் என்றார்.

"பாக்கறவங்க பூரா மீன் புடிக்கறவங்க, அண்ணாவி. மேடைல மீன் வந்தா எவன் எந்திரிச்சுப் போவான்?"

 இராயப்பராக இறங்கியதிலிருந்து வசனம் போதவில்லை என்று மனத்தாங்கலில் இருந்த லூயிஸ் மாமா, மீன் தட்டை நீட்டுவது இராயப்பர்தான் என்று தெரிந்ததும் பிரதியைத் திருத்தாவிட்டால் நடிக்க மாட்டேன் என்றுவிட்டார். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அப்போது படிப்பை முடித்த மிடுக்கில் இருந்தேன். மீனை வருணித்து நாலு விருத்தம் எழுதினேன். அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "இத்தப் பாடி முடிக்கறதுக்குள்ள மீன் ஆறிடும்" என்று நாலையும் அடித்துப் போட்டாள். கடைசியில் நின்றது ஒரே வரி: சாப்பிட உங்களிடம் ஏதாவது உண்டா?

தனிஸ்லாஸ் மறுக்கவில்லை. சுவிசேஷத்தில் இருப்பதை அவன் எப்படி மறுப்பான்? ஒத்திகையில் வெறும் தட்டிலிருந்து எடுத்து, கண்ணை மூடி, உதட்டருகே கொண்டுபோய் இறக்கினான். பார்க்க வெகு பக்தியாக இருந்தது. நாடகத்தன்றும் இப்படியே செய்துவிடுவேன், போதும் என்றான். அக்கா சிரித்தாள்.

"சிலுவைல சாவற மாதிரி நடி, நம்புவாங்க. மீன் துன்ற மாதிரி நடிச்சா குருசுக்குப்பத்துல ஒருத்தன் நம்ப மாட்டான். தாடை ஆடறத வெச்சே என்னா மீனுன்னு சொல்லிடுவான்."

இப்போது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் வலை மீன் ஆண்டவருக்கு என்று குப்பத்தில் கைகலப்பு வரை போயிற்று. கண்ணையன் வஞ்சிரம் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் வவ்வால் மீன் என்றார். இதில் கிறிஸ்தவர், இந்து என்ற பேதமே இல்லை. மீன் பெரிதாயிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாடகத்தன்று மதியம் எங்கள் கொல்லையில் ஒரு சந்தையே கூடியது. அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மீன்கார வீராயி கூடையிலிருந்து விரல் நீளக் கிழங்கான் ஒன்றை எடுத்தாள். காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கிற மீன் அது. வயிற்றில் பாரமாக உட்காராது. கண்ணையன் அரைநாள் அவளோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் மாலை. சூடம் எரிந்தது, சம்மனசு கயிற்றில் இறங்கி ஒருமுறை சுற்றி நின்றது. திரைக்குப் பின்னால் அக்கா கொட்டாங்கச்சிக் கனலில் மீனைச் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் பிலாத்துவின் சேவகர்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டார்கள். அவர்களைக் கரண்டியால் விரட்டினாள். மேடையில் சீடர்கள் நடுங்கினார்கள். வெள்ளை அங்கியில் தனிஸ்லாஸ் வந்தான். சென்ற வருடத்தைவிட மெலிந்திருந்தான். சீடர்கள் ஆவி, ஆவி என்று அலறியது நடிப்பாகவே தெரியவில்லை.

அவன் வரியைச் சொன்னான். மாமா தட்டை நீட்டினார். தனிஸ்லாஸ் மீனை எடுத்து, கண்ணை மூடி, உதட்டருகே கொண்டுபோய், இறக்கினான்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு புறப்பட்டு அலைபோலப் பின்னால் போயிற்று. துன்னல, துன்னல என்றார்கள். அண்ணாவி ஆர்மோனியத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொடுக்க என்னிடம் வசனம் இல்லை. முன்வரிசையிலிருந்து வீராயி எழுந்தாள்.

"ஆண்டவரே, முள்ளெல்லாம் எடுத்துட்டுதான் வெச்சிருக்குது. தைரியமா துன்னு."

கடற்கரை சிரித்தது. மாமா, இராயப்பரின் முழுக் குரலில், பிரதியில் இல்லாத ஒன்றைச் சொன்னார். சுவாமி, தாங்கள் புசித்தாலன்றித் தாங்கள் ஆவியல்ல என்று பாவிகளாகிய நாங்கள் எவ்விதம் விசுவசிப்போம் என்றார். சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்தாண்ட பாரு, ஒங்க அக்கா கரண்டியோட நிக்குது" என்றார்.

தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அக்கா திரையை விலக்கிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கரி. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தங்களை அறியாமல் தங்கள் வாயைத் திறப்பார்களே, அப்படி வாயை அகலத் திறந்துகொண்டு நின்றாள். தான் அப்படி நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. உயிர்த்த ஆண்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடமாக அந்தச் சிரிப்பை நாங்கள் பார்க்கவில்லை. சிரித்ததில் வாய் திறந்தது; திறந்த வாயில் அவனே மீனை வைத்தான்.

அவன் மெல்லுவதை இத்தனை ஜனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தொண்டை ஏறி இறங்கியது. "ஆவி இல்லப்பா, ஆளுதான்" என்று கண்ணையன் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு மங்களம் பாட முடியவில்லை. ஆளுக்கு ஆள் மேடைக்கு எதையாவது நீட்டினார்கள். வாழைப்பழம், முறுக்கு, அவித்த வேர்க்கடலை. சீடர்கள் அத்தனையையும் வாங்கிக்கொண்டார்கள். ரோமைச் சேவகர்கள் சீடர்களோடு சமாதானமாகி ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கூட்டம் கலைந்ததும் படகு மறைவில் அவன் பாதியை வெளியே எடுத்துவிட்டான். நான் போய் அக்காவிடம் சொன்னேன். "பாதி உள்ள தங்கிடுச்சு இல்ல" என்றாள் அக்கா, கொள்ளை லாபம் வந்தவள் போல.

பிறகு குப்பத்தார் அவனை விடவில்லை. ஆண்டவருக்கு என்று சொல்லி அடிக்கடி ஒரு மீன் வரும். நான் ஆண்டவர் இல்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். அது எங்களுக்குத் தெரியும், துன்னு என்றார்கள். ரோஷன் பீவி பொழுது சாய்கிற நேரத்தில் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். சில மாதம் நன்றாகச் சாப்பிட்டான். சில மாதம் மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா ஒவ்வொரு முறையும் தட்டினாள். அலுத்துக்கொண்டாள், திட்டினாள், அவனைப் போலவே நடித்துக் காட்டி அவனையே சிரிக்கவைத்தாள், விடவில்லை.

முப்பத்தியாறில் நான் காரைக்காலுக்கு உத்தியோகமாக வந்தேன். புதுச்சேரியிலிருந்து இந்தப் பக்கம் யார் வந்தாலும் அவர்களிடம் அக்கா சேதி சொல்லி அனுப்பிவிடுவாள். சேதி ஒன்றுதான். ஒரு முறை கோர்ட்டுச் சேவகர் ஒருவர், இடுப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக எங்கள் கச்சேரிக்குள் நுழைந்து, எல்லோர் முன்னாலும் விறைப்பாக நின்று, "உங்கள் தம்பி வெள்ளிக்கிழமை மூன்று தோசை சாப்பிட்டாராம்" என்று அறிவித்துவிட்டுப் போனார். தலைமைக் குமாஸ்தா அன்று முழுவதும் உறங்கவில்லை. பிறகு அவரே, யாராவது வந்தால், தோசை என்ன ஆயிற்று என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இந்த ஆவணியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் ஒருவரையும் கொன்றதில்லை என்று மருந்து கொடுக்க வந்தவரிடம் சொன்னாளாம். தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தபோதும், தனிஸ்லாஸ் தன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றிருக்கிறாள். அவன் சாப்பிட்டிருக்கிறான். மெல்லாமல் விழுங்குகிறான் என்று குறை சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள் என்று ரோஷன் பீவி சொன்னார்.

நான் விடிந்து போய்ச் சேர்ந்தேன். காலையிலேயே அடக்கம். திரும்பி வந்தபோது வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாமா ரொட்டி கொண்டுவந்திருந்தார். ரோஷன் பீவி கஞ்சி, வீராயி குழம்பு. எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தனிஸ்லாஸைத்தான் பார்க்காமல் இருந்தார்கள். அக்கா இருந்திருந்தால் இந்நேரம் ஏதாவது சொல்லியிருப்பாள். இனி அது என் வேலை என்று தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, உடம்பு இருந்தால்தான் மற்றதெல்லாம், ஏதோ கொஞ்சம் சாப்பிடுவது நல்லது என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, அக்கா மாரி பேசாத. ஒனக்கு வரல" என்றான் தனிஸ்லாஸ்.

மாமாவுக்குத் திரும்பவும் துண்டு வேண்டியிருந்தது. தனிஸ்லாஸ் அழுதுகொண்டே ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்து வாயில் வைத்தான். மெதுவாக மென்றான். பிறகு இன்னொரு துண்டு. எவ்வளவு சாப்பிடுகிறான் என்று பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன், முடியாமல் பார்த்தேன். முழு ரொட்டி இல்லை. ஆனால் பாதிக்கு மேல்.

சாயங்காலம் துக்கத்துக்கு அடையாளமாகச் சட்டைக்கையில் தைத்துக்கொள்ளக் கறுப்புத் துணி தேடி அவளுடைய தையல் கூடையைத் திறந்தேன். மேலாகத் தனிஸ்லாஸின் வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது. அவனுக்கு அது இறுக்கமாகிவிட்டதால், காய்ச்சல் வருவதற்கு முன்பு பிரித்துத் தளர்த்த ஆரம்பித்திருக்கிறாள். இடது பக்கம் ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்து முடித்திருந்தது. வலது பக்கம் பாதிதான் பிரித்திருந்தது.